புதன்கிழமை வயிற்றுவலி

வலயக் கல்விப் பணிமனையில் ஆசிரியர் இடமாற்றங்களைத் தீர்மானிப்பவர்களுக்கு,

எங்கள் பாடசாலையில் உளவளத்துணைக்குப் பொறுப்பாக இருந்த ரீச்சரை 'ஆசிரியர் சமப்படுத்தல்' என்று சொல்லி இந்தத் தவணையோடு நகரப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றிவிட்டீர்கள். அவருக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. அவர் பிள்ளைகளோடு பேசிய சின்ன அறையில் இப்போது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மேலதிக வகுப்பு நடக்கிறது. அங்கே விரித்திருந்த பாயும் கிரேயோன் பெட்டியும் மணல் நிரப்பிய தட்டும் விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால், கூரை ஒழுகுகிற பக்கத்தில் கிடக்கின்றன. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை.

நான் இந்தப் பாடசாலையில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க விட்டிருக்கும் தாய். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் காலையில் சமைத்துக் கொடுப்பதும் நான்தான். பிள்ளைகள் என்னைச் 'சாப்பாட்டு அன்ரி' என்பார்கள். (சமையல் காசு பிந்திப் பிந்தி வருவது பற்றியும் எழுத இருக்கிறது. அதற்கு வேறு மடல்.) ஊரின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஏ9 வீதியிலிருந்து உள்ளே, நாளைக்கு இரண்டு தரம் பஸ் வந்து போகிற ஊர். இங்கே ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதினாலே யார் வீட்டுப் பிள்ளை என்று ஆட்கள் சொல்லிவிடுவார்கள். அதனால் கீழே சொல்லும் பிள்ளைகளின் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். புதன்கிழமை என்று எழுதியிருப்பதுகூட உண்மையான கிழமை இல்லை. தாய்மாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் தரம் 4 இல் ஒரு பிள்ளை. நல்ல கெட்டிக்காரி. ஆனால் புதன்கிழமை என்றால் வரமாட்டாள். வந்தாலும் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே வயிற்றைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவாள். முதலில் நான் நினைத்தேன், என் கௌபிதான் ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று. ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு கோயிலில் நூல் கட்டினார்கள். வகுப்பாசிரியர் தாயைக் கூப்பிட்டு, பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டாள் என்று ஏசி அனுப்பினார்.

உளவளத்துணை ரீச்சர் செய்தது ஒன்றுதான். வரவு இடாப்பை எடுத்து நான்கு மாதத்தைப் புரட்டிப் பார்த்தார். பிள்ளை வராத நாளெல்லாம் ஒரே வரிசையில், மேலிருந்து கீழாக, புதன்கிழமைகளின் கீழேயே இருந்தன. அந்த இடாப்பை வருடம் முழுக்க எத்தனையோ பேர் கையெழுத்து வைத்துப் பார்த்திருப்பார்கள். ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

பிறகு ஒரு நாள் அந்தப் பிள்ளையைப் பாயில் இருத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் தானும் பக்கத்தில் இருந்து படத்துக்கு நிறம் தீட்டியிருக்கிறார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பிள்ளையே சொல்லிவிட்டாள். புதன்கிழமைதான் நுண்கடன் கம்பனிப் பெடியன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருகிற நாள். காசு இல்லாத கிழமைகளில் தாய் பின்வேலியால் போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலில் ஒளித்திருப்பாள். படலையில் நின்று 'அம்மா இல்லை' என்று சொல்வது இவளுடைய வேலை. வீட்டில் நான்கு வயதுத் தம்பி இருக்கிறான். ஆனால் "தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது ரீச்சர்" என்றாளாம்.

வயிற்றுவலி பொய் இல்லை. புதன்கிழமை விடியும்போது உண்மையாகவே வலித்திருக்கிறது.

ரீச்சர் மந்திரம் ஒன்றும் போடவில்லை. தாயோடு இருந்து பேசினார். தம்பியை முன்பள்ளியில் சேர்க்க வைத்தார். கிராம அலுவலரையும் மாதர் சங்கத் தலைவியையும் பிடித்து, கடன்காரர் வீட்டு வாசலுக்கு வராமல் பொதுநோக்கு மண்டபத்தில் வைத்துக் காசு வாங்கும்படி கதைத்து ஒழுங்கு செய்தார். கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பிள்ளை புதன்கிழமைகளில் வந்தாள். மூன்றாம் கிழமை என்னிடம் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இந்த வருடம் அவள் தரம் 5. நீங்கள் மேலதிக வகுப்பு வைப்பது அவளுக்காகத்தான். அவளை அந்த வகுப்புக்கு வர வைத்த ஆளைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். கடந்த இரண்டு புதன்கிழமையும் அவளுடைய தட்டு என் மேசையில் மிஞ்சியிருந்தது.

ரீச்சரின் மாற்றத்தைக் கேள்விப்பட்டு நாங்கள் கேட்ட பெற்றோர் கூட்டத்துக்கு உங்கள் தரப்பிலிருந்து ஓர் அலுவலர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன ஒரு வசனம் இன்னும் காதுக்குள் நிற்கிறது. "இந்தப் பிள்ளைகள் எல்லாம் சண்டை முடிந்த பிறகு பிறந்தவை. இதுகளுக்கு என்ன மனவடு?"

அதற்குக் கூட்டத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை, நா எழவில்லை. இப்போது சொல்கிறேன்.

2009 இல் நான் தரம் 8. பதின்மூன்று வயது. கடைசிச் சண்டைக்குள் விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று நாங்கள் நடந்த வழியை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்களில் சிலரும் அந்த வழியால் நடந்தவர்களாக இருக்கலாம். இன்றைக்கும் நான் படுக்கப் போகும்போது செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். இருட்டில் எழும்பி ஓடினால் காலை நுழைக்க லேசு. யாரும் சொல்லித் தந்த பழக்கம் இல்லை அது, வந்து ஒட்டிக்கொண்டது. என் மூத்த மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு ஷெல் என்றால் கடற்கரையில் பொறுக்குகிற சிப்பி. ஒரு நாள் இரவு எழும்பிப் பார்க்கிறேன், அவளுடைய குட்டிச் செருப்பும் என்னுடையதற்குப் பக்கத்தில் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் நான் அவள் கையை இறுக்குகிற இறுக்கில் நகக்குறி பதிந்துவிடுகிறது. அவள் பயந்தது வெடிக்கா எனக்கா என்று எனக்கே தெரியாது. இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட இருந்தார்களே, அந்தப் பந்தலுக்கு அப்பம்மாவோடு போய், தான் ஒரு நாளும் கண்டிராத சித்தப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதுகளும் சண்டை முடிந்த பிறகு பிறந்தவைதான். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று எழுதியிருக்கிறார். தனி ஆளுக்கு வந்த காயம் மட்டும் இல்லை. குடும்பம், அயல், ஊர், ஒருவரை ஒருவர் நம்புவது எல்லாமே அடிபட்டுப் போவது. அப்படி அடிபட்ட வீட்டில் பிறக்கிற பிள்ளை எந்த வருடத்தில் பிறந்தால் என்ன?

சண்டை மட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு சாட்டாகிவிடும். தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ போய்விட, படுத்த படுக்கையான அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளை இருக்கிறது. தகப்பன் கசிப்பில் கிடக்கிற வீடு இருக்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது ஓடினவர்கள், கொரோனாவுக்குப் பாடசாலை பூட்டியபோது எழுத்தை மறந்தவர்கள், 2022 இல் எரிபொருள் இல்லாத காலத்தில் தகப்பன் தொழிலை இழந்த வீடுகள் என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்திருக்கிறது. பெரிய பெடியன்களுக்கு இப்போது ஐஸ் போதைப்பொருள் என்று ஒரு புதுச் சனியன். மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 14 வயது வரை, வீட்டை விட்டால், பிள்ளை அதிக நேரம் இருக்கிற இடம் எது? உங்களுடைய வகுப்பறை. காலை 7.30 இலிருந்து 1.30 வரை.

தரம் 3 இல் ஒரு பெடியன் சோற்றில் பாதியைச் சாப்பாட்டுப் பெட்டி மூடிக்குள் தள்ளி ஒளிப்பான். சாப்பாட்டை வீணாக்குகிறான் என்று நானே காதைப் பிடித்துத் திருகியிருக்கிறேன். வீட்டில் அம்மம்மாவுக்குக் கொண்டுபோகிறான் என்று பிறகு ரீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கம்தான். ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடுகிறவர்களுக்கு இது தெரியாமல் போவது பாவம் இல்லை. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் பாடத்தை முடிக்க வேண்டும், கொப்பி திருத்த வேண்டும், நீங்கள் கேட்கிற படிவங்களை நிரப்ப வேண்டும். அவர்களில் பலரும் மாத்தளனில் இருந்து வந்தவர்கள். வேறு பலர் விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி வந்து, பின்னேரம் அதே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். நின்று கேட்பதற்கென்று ஒரு ஆள் தனியாக இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது அதனால்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த அறையைத் தொடங்கியபோது ஊரில் 'பைத்திய அறை' என்றுதான் பெயர். நானும் சொல்லிச் சிரித்தவள். என் மகளை அங்கே கூப்பிடுகிறார்கள் என்றதும் அதிபரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அந்தப் பெயர் போவதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது. பிறகு இடைவேளைக்குப் பிள்ளைகள் தாங்களாகவே போய் வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். ஒருவரை எடுத்துவிட்டு அடுத்த வருடம் இன்னொருவரைப் போட்டால் சரிதானே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ஒன்றரை வருடத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ரீச்சர் போன பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தரம் 7 இல் ஒரு பெடியன் வகுப்பில் மேசையைத் தள்ளி விழுத்தினான். முன்பென்றால் அவனைப் பாய் அறைக்கு அனுப்பியிருப்பார்கள். இப்போது வெயிலில் முழங்காலில் நிறுத்தினார்கள், பிறகு பூவரசம் தடியால் அடி. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலேயே 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை விட்டது. அது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் வரவில்லை. மணல் ஏற்றுகிற உழவு இயந்திரத்தில் நின்றதைக் கண்டதாகச் சொல்கிறார்கள்.

சுவரில் 1929 என்று சிறுவர் உதவி இலக்கம் பெரிதாக எழுதியிருக்கிறது. நல்ல விடயம். ஆனால் பாடசாலைக்குள் பிள்ளைகளுக்குக் கைபேசி இல்லை, வீட்டில் இருக்கிற ஒரே கைபேசி பெரும்பாலும் யாருக்குப் பயந்து எடுக்க வேண்டுமோ அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது.

உளவளத்துணை என்றால் பெரிய படிப்பு, பெரிய செலவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அதை முதலில் செய்தவர் மெனிக் பாமில் ஒரு சேர். கிட்டத்தட்ட 3 இலட்சம் சனத்தைச் செட்டிக்குளத்திலும் அதைச் சுற்றியும் முகாம்களில் வைத்திருந்த காலம். எங்கள் வகுப்பு ஒரு தறப்பாளுக்குக் கீழே. அவரும் எங்களைப்போல வந்து சேர்ந்தவர்தான். முதல் நாள் அவர் பாடம் நடத்தவில்லை. எல்லோருக்கும் தந்திருந்த புதுப் பென்சில்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பிளேட்டால் சீவித் தந்தார். சீவிக்கொண்டே, பெயர் என்ன, எந்த ஊர், தண்ணி எடுக்க வரிசையில் நின்றாயா, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அப்பா எங்கே என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. பென்சிலை நல்ல ஆறுதலாகச் சீவினார். என்னுடைய முறை வந்தபோது நான்தான், கேட்காமலே, அப்பாவைப் பற்றிச் சொன்னேன். 2009 ஓகஸ்டில் அதே முகாம்களுக்குள் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் நடந்தன. மூன்று மாதத்துக்குள் பரீட்சை எங்களைத் தேடி முள்ளுக்கம்பிக்குள்ளேயே வந்துவிட்டது. பென்சில் சீவித் தர ஒரு ஆள் கிடைத்தது எங்கள் வகுப்பின் அதிர்ஷ்டம். மற்ற வகுப்புகளுக்கு அப்படி ஒருவர் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

புலமைப்பரிசில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் என் மகளும் எழுதுவாள், நல்ல புள்ளி எடுத்தால் ஊரெல்லாம் சொல்லித்தான் திரிவேன். மேலதிக வகுப்பை 1.30 க்குப் பிறகு எந்த வகுப்பறையிலும் வைக்கலாம், அத்தனை அறையும் அப்போது வெறுமைதான். தேவையென்றால் வகுப்பு முடியும்வரை பிள்ளைகளுக்குக் கடலை அவித்துத் தர நானும் இன்னும் நான்கு தாய்மாரும் இருக்கிறோம்.

இனி நாங்கள் கேட்பது.

இரண்டாம் தவணை தொடங்கும்போது அந்த ரீச்சரை எங்கள் பாடசாலைக்குத் திருப்பித் தாருங்கள். அது நடக்காது என்றால் பயிற்சி பெற்ற வேறு ஒருவரை, இந்தப் பக்கத்திலேயே தங்கியிருந்து வேலை செய்யக்கூடிய ஒருவரை, குறைந்தது மூன்று வருடத்துக்கு மாற்றமாட்டோம் என்ற உறுதியோடு அனுப்புங்கள். வேறு பாடம் கற்பிக்க ஆள் இல்லை என்று சொல்லி அவருடைய பாடவேளைகளைக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள். முன்பிருந்தவருக்கும் கடைசி வருடம் அதுதான் நடந்தது. பெயர் உளவளத்துணை, கையில் இருந்தது சோக்கட்டி.

மாணவர் தொகை போதாது, தனி ஆளணி தர முடியாது என்று கூட்டத்தில் சொன்னீர்கள். அப்படியென்றால் அயலில் இருக்கிற மூன்று நான்கு சிறிய பாடசாலைகளுக்குச் சேர்த்து ஒருவரைத் தாருங்கள். கிழமையில் எந்த நாள் எந்தப் பாடசாலை என்று எழுதி ஒட்டுங்கள், அவருக்குப் போக்குவரத்துக் காசையும் கொடுங்கள். பிள்ளை குறைந்த பாடசாலைகள்தான் ஆஸ்பத்திரிக்கும் வீதிக்கும் ஆகத் தூரத்தில் இருக்கின்றன.

அறையைத் திருப்பித் தாருங்கள். அது அதிபரின் அறைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, உள்ளே போகிற பிள்ளையை எல்லோரும் பார்க்கிற இடத்திலும் இருக்கக் கூடாது. கதவு சாத்தினால் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. அங்கே பேசப்படும் பிள்ளைகளின் பெயர்களை மாதாந்த அறிக்கையில் கேட்பதை நிறுத்துங்கள், உங்களுக்கு எண்ணிக்கை போதும்.

மருத்துவரிடம் காட்ட வேண்டிய பிள்ளைகளுக்காக, மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவோடு பேசி, மாதத்தில் ஒரு நாளாவது அவர்களை இந்தப் பக்கத்துக்கு வரச் செய்யுங்கள். இப்போது கிளினிக்குக்குப் போவதென்றால் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பஸ் காசு வேறு. இரண்டு தரம் போவார்கள், மூன்றாம் தரம் விட்டுவிடுவார்கள்.

மற்ற ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். பதாகை கட்டி, படம் எடுத்து, பின்னேரத்தோடு முடிகிற ஒருநாள் பட்டறை வேண்டாம். தவணைக்கு ஒரு தரமாவது, தங்கள் வகுப்பு இடாப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, எந்தப் பிள்ளை எந்தக் கிழமையில் வரவில்லை என்று சேர்ந்திருந்து பார்க்கிற பயிற்சியாக அது இருக்கட்டும். ஆசிரியர்கள் தங்கள் பாரத்தை இறக்கிவைக்கவும் அதற்குள் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பதை எங்கள் பாடசாலையில் நடைமுறைப்படுத்துங்கள். அந்தத் தரம் 7 பெடியனின் வீட்டுக்கு யாராவது ஒருவரை அனுப்பி, அவனைத் திரும்ப வகுப்புக்குக் கூட்டி வாருங்கள். இது மட்டும் அடுத்த தவணைவரை காத்திருக்க முடியாது.

1990 இல் இலங்கை கையெழுத்திட்டு 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 39 ஆவது உறுப்புரை, யுத்தத்தாலும் வன்முறையாலும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உடலாலும் உளத்தாலும் தேறிவர அரசு எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. அதனால் இந்தப் பதவியை, ஆள் மிஞ்சினால் கொடுப்பது, குறைந்தால் எடுப்பது என்ற பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்கிறோம்.

பாடசாலையின் பெயர், என் பெயர், பெற்றோரின் கையெழுத்துகள் எல்லாம் உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிரதியில் இருக்கின்றன. இந்தத் தவணை முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். தொலைபேசியில் 'பார்ப்போம்' என்று சொல்ல வேண்டாம். நேரில் வந்து பேசுவதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு புதன்கிழமை காலை 7.30 க்கு வாருங்கள், சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்தில் நில்லுங்கள்.

இப்படிக்கு,
சாப்பாட்டு அன்ரி